சுண்டல் கடலையும் சிவப்பு எச்சரிக்கையும்: வேளச்சேரியில் ஒரு தம்பதியின் ஒரு வாரம்

2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. மறுநாள் விஜயதசமி, அதுவே புரட்டாசியின் கடைசிச் சனிக்கிழமையும்கூட. 15ஆம் தேதி வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக வானிலை ஆய்வு மையம் அறிவித்தது. 16ஆம் தேதி சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை. 17 அதிகாலையில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் சென்னைக்கு வடக்கே கரையேறியது, அதோடு பயமும் அடங்கியது. பண்டிகையில் தொடங்கிப் பீதியில் முடிந்த அந்த வாரத்தைச் சென்னைக்காரர்கள் சுலபத்தில் மறக்க மாட்டார்கள்.

அந்த வாரத்தில் ஒரு சின்னக் குடும்பம் என்ன சமைத்தது, என்ன கொண்டாடியது, எதற்குத் திண்டாடியது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். பெரியவர்கள் கூட இல்லாத வீடு. இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். சமையலுக்கு ஆள் கிடையாது. திங்கள்கிழமை ஊரே சூப்பர் மார்க்கெட் வாசலில் நின்றபோது இவர்கள் போகவில்லை. துணிச்சல் ஒன்றும் இல்லை. வீட்டில் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லாமல் இருந்தது, அவ்வளவுதான். அது எப்படி வந்து சேர்ந்தது என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

யார், எங்கே

மனைவி என் சித்தி மகள். சொந்த ஊர் சேலம். பெருங்குடியில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். மாப்பிள்ளை வேதாரண்யம் பக்கம். கிண்டி தொழிற்பேட்டையில், கணினி இயக்கும் இயந்திரங்கள் வைத்த ஒரு சிஎன்சி பட்டறையில் மேற்பார்வையாளர். 1958இல் தொடங்கிய தொழிற்பேட்டை அது. ஆயுத பூஜைக்குச் சென்னையில் அங்கே நடப்பதுபோல் வேறெங்கும் நடக்காது என்பது மாப்பிள்ளையின் கட்சி. அம்பத்தூர்க்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

வீடு வேளச்சேரியில், விஜயநகர் பக்கம் ஒரு குறுக்குத் தெருவில், இரண்டாவது மாடியில். வாடகை வீடுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் இதே வீட்டில்தான் இருந்தார்கள். கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்தது, மின்சாரம் நாள் கணக்கில் வரவில்லை. அதற்கு முன் 2015 வெள்ளத்தில் என்ன ஆனது என்று ஹவுஸ் ஓனர் மழைக்காலம்தோறும் சொல்லிக் காட்டுவார். படிக்கட்டுச் சுவரில் அந்த வருடத் தண்ணீர் எட்டிய உயரத்துக்கு ஒரு கோடும் கிழித்து வைத்திருக்கிறார்.

தங்கைக்குச் செலவை எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பதால் வந்த வியாதி என்பாள். போனில் அவள் குறித்து வைத்தவை, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட படங்கள், இருவரும் தனித்தனியே என்னிடம் சொன்னவை, சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் போனபோது நானே பார்த்தவை, இவற்றை வைத்துத்தான் எழுதுகிறேன். இருவர் சொன்னதும் ஒத்துப் போகாத இடங்களில் இரண்டையும் சொல்லிவிடுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்றார்கள், சரி என்றேன்.

பொரி வந்து சேர்ந்த கதை

வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் இருவர் அலுவலகத்திலும் வியாழன் மாலையே பூஜை முடிந்துவிட்டது. பட்டறையில் இயந்திரங்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, கடைசியில் வாசலில் வெள்ளைப் பூசணி உடைத்திருக்கிறார்கள். உடைத்த பூசணியை ஓரமாக ஒதுக்கிவிட்டுத்தான் கிளம்பினேன் என்று மாப்பிள்ளை இரண்டு முறை சொன்னார். நல்ல விஷயம். வருடாவருடம் பூசணித் துண்டில் வண்டி சறுக்கிக் கீழே விழுகிறவர்களைப் பார்க்கிறோம்.

அங்கே தொழிலாளர் எல்லாருக்கும் ஒரு பை: பொரி, பொட்டுக்கடலை, அவல், நாட்டுச் சர்க்கரை, ஆப்பிள் ஒன்று, சாத்துக்குடி ஒன்று, ஸ்வீட் பெட்டி. தங்கையின் அலுவலகத்திலும் அதே மாதிரி ஒரு பை. வெள்ளி காலை தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் பூஜை போட்டவர்கள், வழக்கமாக ஏறும் சவாரி என்று இவர்கள் வீட்டுக்கும் ஒன்று கொடுத்து அனுப்பினார்கள். போதாதென்று, சாமிக்குப் படைக்க வீட்டுக்கென்று வாங்கிய பொரி தனி. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் சமையலறை மேடை முழுக்கப் பொரி.

இது இவர்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. ஆயுத பூஜை முடிந்தால் சென்னையில் முக்கால்வாசி வீட்டில் இதுதான் நிலைமை. ஒரு வாரம் கழித்து நமுத்துப் போன பொரியைக் காக்காய்க்குப் போடுவோம். சேலத்துப் பெண்ணுக்கு மட்டும் அதைத் தூக்கிப்போட மனசு வராது. பூண்டு, காய்ந்த மிளகாய் அரைத்த சட்னியில் பொரியைப் பிரட்டி, துருவிய கேரட், பீட்ரூட், பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி போட்டால் காரப்பொரி. சேலத்துத் தெருவோரத்தில் தட்டுவடை செட் விற்கும் தள்ளுவண்டி எல்லாவற்றிலும் இது கிடைக்கும். பொரியை வாங்கியவுடன் காற்றுப் புகாத எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடி வைப்பது அவள் அம்மா வீட்டுப் பழக்கம். இந்தத் தூக்குதான் பின்னால் உதவியது.

சுண்டல் பயறும் இப்படித்தான் சேர்ந்தது. இவர்கள் வீட்டில் கொலு கிடையாது. மூன்றாம் மாடி மாமி வீட்டில் உண்டு. மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் வருடத்துக்கு ஒரு பொம்மை என்று வாங்கிச் சேர்த்த கொலு. மாமியின் மூட்டுவலியை உத்தேசித்து, சுண்டல் வேலையில் பாதியைத் தங்கை ஏற்றுக்கொண்டாள். ஒரு நாள் மாமி, ஒரு நாள் இவள். அதற்காகக் கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, காராமணி, மொச்சை, பட்டாணி என்று கிலோக் கணக்கில் வாங்கிவிட்டாள். வேலை நாட்களில் ஊறவைக்க மறந்து போனதில் பாதிக்கு மேல் அப்படியே மிஞ்சியது. வெற்றிலை பாக்கோடு மாமி கொடுத்த ரவிக்கைத் துணியும், மற்ற கொலு வீடுகளில் வந்ததுமாக ஒரு சின்ன அடுக்கே சேர்ந்தது. அதற்கும் ஒரு வேலை வந்தது, சொல்கிறேன்.

வெள்ளி, சனி: இரண்டு நாள் விருந்து

வெள்ளிக்கிழமை காலை ஸ்கூட்டர், மிக்ஸி, கிரைண்டர், லேப்டாப், பழைய தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு. மதியம் சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், உளுந்து வடை, சேமியா பாயசம். தக்காளி அந்த மாதத் தொடக்கத்திலேயே சில்லறையில் கிலோ 80 ரூபாயைத் தாண்டியிருந்ததால் ரசத்துக்கு ஒரே ஒரு தக்காளி, மீதிக்குப் புளி.

மாலைச் சுண்டலுக்குக் கொண்டைக்கடலையைக் குக்கரில் வைத்த நேரத்தில்தான் தொலைக்காட்சியில் அந்தச் செய்தி. திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்கு 141 பேரோடு கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. எரிபொருளைக் குறைப்பதற்காக வானத்திலேயே வட்டமடித்துக்கொண்டிருந்தது. மாலை 5.40க்குக் கிளம்பிய விமானம் 8.15க்குப் பத்திரமாகத் தரையிறங்கும்வரை தமிழ்நாட்டில் எத்தனை வீட்டில் அடுப்பை மறந்தார்களோ தெரியாது, இவர்கள் மறந்தார்கள். எத்தனை விசில் வந்தது என்பதில் இருவருக்கும் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. கடலை குழைந்து கூழாகிவிட்டது. மாமி வீட்டுக்குக் கொடுத்தனுப்ப முடியாமல் போனது தங்கைக்கு வருத்தம்.

விமானம் இறங்கிய நிம்மதியில் சாப்பிட உட்கார்ந்தால் அடுத்த செய்தி: கும்மிடிப்பூண்டிப் பக்கம் கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் சரக்கு ரயில் மீது மோதிவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை என்று உறுதியாகும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. குழைந்த கடலையில் வெங்காயம், தேங்காய், சோம்பு அரைத்து ஊற்றிக் குழம்பாக்கினார்கள். தோசைக்கு அது நன்றாகவே இருந்ததாம்.

சனிக்கிழமை நான் போயிருந்தேன். பெருமாளுக்குப் படைக்கும் தளிகை என்று சொல்லும் அளவுக்கே சமைத்திருந்தாள்: புளியோதரை, சர்க்கரைப் பொங்கல், தயிர் சாதம், வடை, பச்சைப்பயறு சுண்டல். வாழை இலையில் படைத்து மாவிளக்கு ஏற்றினார்கள். காலையிலேயே தெருவில் "கோவிந்தா" சொல்லிக்கொண்டு உண்டியோடு வந்த பிள்ளைகளுக்கு அரிசி போட்டாயிற்று. மாப்பிள்ளைக்குப் புரட்டாசி விரதத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. "மீன் இல்லாம ஒரு மாசம் போயிடுச்சு அக்கா, இன்னும் அஞ்சு நாள்தான்" என்று என்னிடம் கணக்குச் சொன்னார். கடற்கரை ஊர்க்காரருக்கு இது நிஜமான தியாகம்தான்.

விஜயதசமிக்குப் புதிதாக ஏதாவது தொடங்க வேண்டும் என்பது எங்கள் பெரியம்மா, சித்தி எல்லாருடைய சட்டம். தங்கை தையலைத் தொடங்கினாள். சேர்ந்திருந்த ரவிக்கைத் துணிகளில் ஒன்றை விரித்து, யூடியூபைப் பார்த்து வெட்டினாள். கை சேரும் வளைவான கைக்குழி சரியாக வரவில்லை. அதைத் தலையணை உறையாக மாற்றும் யோசனையை மாப்பிள்ளைதான் சொன்னார், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கிளம்பும்போது எனக்கும் ஒரு பொரிப் பை. வேண்டாம் என்றால் யார் விட்டார்கள்.

திங்கள்: கேக் இருக்கிறது, ரொட்டி இல்லை

ஞாயிறைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தூக்கம், துணி துவைத்தல், சாயங்காலம் பீனிக்ஸ் மாலில் ஒரு சுற்று. சாப்பிடும் தளத்தில் இருந்த கூட்டத்தைப் பார்த்து அப்படியே திரும்பிவிட்டார்கள். வழக்கமாக ஞாயிறு இரவு வாரத்துக்கான மாவு அரைப்பார்கள். அன்று அரைக்கவில்லை. மழைச் செய்தி சூடு பிடித்திருந்தது. மின்சாரம் போனால் ஃபிரிட்ஜில் இருக்கும் மாவு ஒரே நாளில் புளித்துவிடும் என்று மாப்பிள்ளை தடுத்துவிட்டார். மிக்ஜாமில் ஒரு பானை மாவைக் கீழே கொட்டியவர்கள் இவர்கள்.

திங்கள்கிழமை பகலில் ஊரின் முகமே மாறிவிட்டது. 15ஆம் தேதி சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை என்று அறிவிப்பு வந்தது. ஐடி நிறுவனங்கள் 18ஆம் தேதிவரை ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்ல வேண்டும் என்று அரசு கேட்டுக்கொண்டது. மாலை பெருங்குடியில் ரயிலேறி வேளச்சேரியில் இறங்கிய தங்கை, கடைகளின் வாசலில் நின்ற வரிசையைப் பார்த்து முதலில் ஏதோ தள்ளுபடி விற்பனை என்றுதான் நினைத்தாளாம்.

செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளையின் பிறந்தநாள். அக்டோபர் 15, அப்துல் கலாம் பிறந்த அதே தேதி. பள்ளிக்கூடத்தில் வருடாவருடம் தனக்கும் சேர்த்துத்தான் கைதட்டினார்கள் என்பது அவருடைய பழைய ஜோக். பெசன்ட் நகரில் இரவுச் சாப்பாடு, அப்புறம் கடற்கரை என்று போட்டிருந்த திட்டம் திங்கள் மாலையே ரத்தாகிவிட்டது. கேக்காவது வாங்குவோம் என்று தங்கை பேக்கரிக்குப் போனாள். ரொட்டி அலமாரி துடைத்து வைத்ததுபோல் காலி. பன் இல்லை, ரஸ்க் இல்லை. கேக் மட்டும் கண்ணாடிக்குள் வரிசையாக உட்கார்ந்திருந்தது. வெள்ளம் வரப்போகிற நாளில் யார் கேக் வாங்குவார்கள்? கடைக்காரர் சந்தோஷமாக அரைக் கிலோ கட்டிக் கொடுத்து, மெழுகுவர்த்தி ஒரு பாக்கெட் இலவசமாகவே தந்தார். பிறந்தநாள் மெழுகுவர்த்தி இல்லை. கரண்ட் போனால் ஏற்றும் தடி மெழுகுவர்த்தி.

காய்கறி, பால், அரிசி வாங்க அவள் நிற்கவில்லை. வீட்டு அலமாரியை மனக்கண்ணால் ஒரு தடவை பார்த்தாளாம். இரண்டு கிலோவுக்கு மேல் பயறு வகை. தூக்கு நிறையப் பொரி. அவல், பொட்டுக்கடலை, நாட்டுச் சர்க்கரை. பூஜைக்கு உடைத்த தேங்காய் மூடிகள், இன்னும் உடைக்காதவை இரண்டு. வாழைப்பழம் ஒரு சீப்பு. மாமி கொடுத்த புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில். வரிசையில் நிற்க அவளுக்குக் காரணம் தெரியவில்லை.

மாப்பிள்ளை வேறு மாதிரி சொல்கிறார். "உப்பும் தீப்பெட்டியும் இருக்கான்னு மட்டும் பாருன்னு நான்தான் போன்ல சொன்னேன், அதனாலதான் அவ நேரா வீட்டுக்கு வந்தா" என்கிறார். 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது அவர் ஊரில் இருந்தவர். தென்னை சாய்ந்து, பாதை அடைபட்டு, மின்சாரம் வாரக்கணக்கில் வராமல் இருந்த நாட்களில் அவர் அம்மா வறுத்த அரிசி மாவும் வெல்லமும் வைத்தே பிள்ளைகளுக்குப் பசி தெரியாமல் பார்த்துக்கொண்டாராம். கெடாத பொருள் வீட்டில் இருந்தால் போதும், மற்றது தானாக வரும் என்பது அந்த வீட்டின் பாடம். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

அன்று இரவு நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நின்ற படத்தை நாடே பார்த்தது. மிக்ஜாமில் காரை இழந்த அனுபவம் தெருவுக்கு ஒருவருக்காவது உண்டு. பாலத்தின் மேல் ஏற்றிவிட்டால் தண்ணீர் தொடாது. ஹவுஸ் ஓனரும் தன் காரை அங்கே கொண்டுபோய் விட்டார். கண் சரியாகத் தெரியாது என்று துணைக்கு மாப்பிள்ளையைக் கூட்டிப் போனார். அபராதம் போடுவார்கள் என்ற பேச்சு கிளம்பி, அப்படியெல்லாம் இல்லை என்று காவல்துறை மறுக்க வேண்டியதாயிற்று. இவர்கள் போன நேரத்தில் அங்கே ஒரு திருவிழாக் கூட்டமே இருந்ததாம். யார் கார் எங்கே நிற்கிறது என்று ஒருவருக்கொருவர் அடையாளம் சொல்லிக்கொண்டு, பாலத்தின் அடியில் டீக்கடையில் நின்று 2015ஐயும் 2023ஐயும் பேசித் தீர்த்திருக்கிறார்கள். ஐந்து வருடமாக ஒரே கட்டடத்தில் இருக்கும் ஹவுஸ் ஓனரோடு மாப்பிள்ளை உட்கார்ந்து டீ குடித்தது அதுதான் முதல் தடவை.

செவ்வாய், புதன்: சாப்பாடு இருந்தது, தண்ணீர் இல்லை

செவ்வாய் காலை முதல் மழை. வடக்கே புழல், சோழவரம் பக்கம் கொட்டித் தீர்த்தது. வேளச்சேரியிலும் தாழ்வான தெருக்களில் தண்ணீர். இவர்கள் தெருவில் கணுக்காலுக்கு மேல் ஏறி, மோட்டார் வைத்து இறைத்ததில் சாயங்காலம் வடிந்தது. பட்டறைக்கு விடுமுறை. தங்கைக்கு வீட்டிலிருந்து வேலை.

காலை: அவல் உப்புமா. மதியம்: காராமணி போட்ட புளிக்குழம்பு, அப்பளம். மாலை ஐந்து மணிக்குக் கேக் வெட்டினார்கள். மூன்றாம் மாடி மாமியும், கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் தம்பதியும், கட்டடத்து வாட்ச்மேனும் வந்தார்கள். கேக்கோடு காரப்பொரி, பட்டாணிச் சுண்டல், காபி. முட்டை சேர்க்காத கேக்தானா என்று மாமி கேட்க, தங்கை பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தெரியவில்லை என்று சொல்ல, மாமி சுண்டலோடு நிறுத்திக்கொண்டார். திட்டமிட்டபடி பெசன்ட் நகர் போயிருந்தால் இரண்டு பேர் மட்டும் கொண்டாடியிருப்பார்கள். செலவும் பல மடங்கு ஆகியிருக்கும். பில்லை நினைத்துப் பார்த்து மாப்பிள்ளைக்கே சிரிப்பு வந்தது.

ஆனால் எல்லாம் சுமுகமாகப் போகவில்லை. குடிதண்ணீர் கேன் வரவில்லை. இருபது லிட்டர் கேன் போடும் பையனின் வண்டி தெருவுக்குள் வர முடியவில்லை. செவ்வாய் மதியமே கடைசிக் கேன் அடி தெரிந்தது. பயறும் அரிசியும் மலைபோல் இருந்து என்ன, ஊறவைக்கவும் வேகவைக்கவும் தண்ணீர் வேண்டும். குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டி, ஆறவைத்துக் குடித்தார்கள். காபிக்குப் பரவாயில்லை, வெறும் தண்ணீராகக் குடிக்க வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் தங்கை. மழைக்காலத் தயாரிப்பு என்றால் எல்லாரும் பால், ரொட்டி, காய்கறி என்றே யோசிக்கிறோம். சென்னை வீட்டில் முதலில் தீருவது கேன் தண்ணீர்தான், இந்த வீடு காட்டுவது அதைத்தான்.

அடுத்தது செல்போன் சார்ஜ். செவ்வாய் இரவு மின்சாரம் போய்ப் போய் வந்தது. வீட்டில் இன்வெர்ட்டர் இல்லை, மாமி வீட்டில் இருந்தது. லேப்டாப்பும் இரண்டு போனும் மேலே போயின. ரசம் ஒரு பாத்திரம் கீழே வந்தது. ஒன்பது நாளாகச் சுண்டல் கிண்ணம் ஏறி இறங்கிய அதே படிக்கட்டுதான். சுண்டல் வேலையைப் பகிர்ந்துகொள்ளாமல் இருந்திருந்தால், இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டி "சார்ஜ் போட்டுக்கலாமா மாமி" என்று கேட்டிருக்க மாட்டேன் என்று தங்கையே சொன்னாள்.

புதன்கிழமைதான் சிவப்பு எச்சரிக்கை. அன்றும் நான்கு மாவட்டங்களில் பள்ளி, கல்லூரி விடுமுறை. அம்மா உணவகங்களில் 16, 17 தேதிகளில் சாப்பாடு இலவசம் என்று அரசு அறிவித்திருந்தது. வழக்கமாக ஒரு ரூபாய் இட்லிக்கு அங்கே போகும் வாட்ச்மேன், அன்று போய் வந்து கூட்டம் தாங்கவில்லை என்றார். ஆனால் எதிர்பார்த்த மழைதான் வரவில்லை. தாழ்வு மண்டலம் வடக்கே நகர்ந்துவிட்டது. பகலில் வெயில்கூட எட்டிப் பார்த்தது. பொரி உப்புமா சாப்பிட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் மெஷினைப் போட்டு, தங்கை இரண்டாவது ரவிக்கைத் துணியை வெட்டினாள். மாப்பிள்ளை பாலத்துக்குப் போய் ஹவுஸ் ஓனருடன் காரை எடுத்து வந்தார்.

வியாழன் காலை அவர் கிண்டிக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டார். மதியச் சாப்பாட்டு டப்பாவில் தயிர் சாதமும் கடைசிப் பட்டாணிச் சுண்டலும்.

என் பார்வையில்

இந்தக் கதையைக் கேட்டதும் என் தோழி ஒருத்தி, "பார்த்தியா, நம்ம முன்னோர் எல்லாத்தையும் யோசிச்சுத்தான் வெச்சிருக்காங்க" என்றாள். வாட்ஸ்அப்பில் வரும் அந்த மாதிரி முடிவுக்கு நான் வரத் தயாராக இல்லை. ஆயுத பூஜைப் பொரி புயலுக்காக ஏற்பட்டது என்பதற்கு எந்தச் சான்றும் கிடையாது. ஆனால் காலண்டரைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. சென்னைக்கு ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான பருவத்தில்தான் பெய்கிறது. நவராத்திரி, தீபாவளி, கார்த்திகை தீபம் எல்லாம் அதே மாதங்களை ஒட்டித்தான் வருகின்றன. 2015இல் கார்த்திகை தீபம் நவம்பர் 25. சென்னை மூழ்கியது டிசம்பர் 1, 2. 2023இல் தீபம் நவம்பர் 26. மிக்ஜாம் மழை டிசம்பர் 3, 4. அதாவது பெருமழை வரும் நாட்களில் பல வீடுகளில் பொரியோ, அவலோ, வெல்லமோ, முறுக்கோ, பயறோ ஏதாவது ஒன்று ஏற்கெனவே இருக்கும். அடுப்பு இல்லாமலும் சாப்பிடலாம், ஃபிரிட்ஜ் தேவையில்லை. அது தற்செயலாகவே இருக்கட்டும், பயன்படாமல் போவதுதான் வீண்.

பயன்படாமல் போவதற்குக் காரணம், பண்டிகைப் பொருளை நாம் பிரசாதமாக மட்டும் பார்ப்பது. பொரியைப் படைத்து, ஒரு பிடி வாயில் போட்டு, மறந்துவிடுகிறோம். இந்த வீட்டில் அது சாப்பாட்டுக் கணக்கில் ஏறியது. காரணம் சேலத்துப் பழக்கமும் வேதாரண்யத்து அனுபவமும் ஒரே சமையலறையில் சேர்ந்தது. இரண்டும் ஊரிலிருந்து கொண்டுவந்தவை. சென்னை கற்றுக்கொடுத்தது பாலத்தில் காரை நிறுத்துவதை மட்டும்தான்.

இதில் அதிர்ஷ்டத்தின் பங்கைக் குறைத்துச் சொல்லக் கூடாது. தாழ்வு மண்டலம் வடக்கே போகாமல் இருந்தால், தெருவில் தண்ணீர் இடுப்பளவு ஏறியிருந்தால், நான்கு நாள் மின்சாரம் இல்லாமல் போயிருந்தால், கேன் தண்ணீர் விஷயம் ஒன்றே இவர்களைச் சாய்த்திருக்கும். இரண்டாவது மாடி என்பதும் பெரிய வசதி. கீழ்த்தளத்தில் குடியிருப்பவருக்குப் பயறு இருந்து என்ன பயன், அடுப்பே தண்ணீரில். திங்கள்கிழமை வரிசையில் நின்றவர்களைக் கேலி செய்யவும் எனக்கு மனமில்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குப் பால் வேண்டும், காரப்பொரி உதவாது. 2023 பார்த்தவர்கள் பயந்ததில் தப்பே கிடையாது.

பின்னால் நடந்தது

புரட்டாசி முடிந்து வந்த முதல் ஞாயிறு, அக்டோபர் 20. மாப்பிள்ளை விடிவதற்கு முன்பே காசிமேட்டுக்குப் போய்விட்டார். விலை எகிறிக் கிடந்தது. வஞ்சிரம் கனவோடு போனவர் சங்கராவோடு திரும்பினார்.

அப்புறம் சில மாற்றங்கள் நடந்தன. கேன் எப்போதும் இரண்டு கூடுதலாக இருக்கிறது. சின்ன இன்வெர்ட்டர் ஒன்று தவணையில் வந்தது. தங்கையின் நான்காவது ரவிக்கைக்குக் கைக்குழி ஓரளவு சரியாக வந்தது. மாமிதான் முதல் வாடிக்கையாளர், கூலியாக மறுபடியும் ஒரு புளிக்காய்ச்சல் பாட்டில். நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது சென்னையில் மறுபடியும் அதே எச்சரிக்கை, அதே வரிசை. அந்த வருடம் கார்த்திகை தீபம் டிசம்பர் 13இல்தான் வந்தது, ஆகவே வீட்டில் பொரி இல்லை. இந்தத் தடவை தங்கையும் போய் வரிசையில் நின்றாள். வாங்கியது இரண்டு கிலோ கொண்டைக்கடலையும் ஒரு படி பொரியும்.